குமுளி மலை ஏறும்போது மட்டும் சூடாகும் வேன்: கூலிங் அமைப்பில் ஏர் முழுவதும் எடுப்பது எப்படி?

கூடலூர் வேன் ஓட்டுநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிக் கூடலூர் என்று எண்ணிவிட வேண்டாம். முன்சீட்டுக்கு அடியில் எஞ்சினும், வண்டியின் மூக்கில் ரேடியேட்டரும் உள்ள பெட்ரோல் வேன் ஒன்றை எட்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏற்றிச் சென்று, மாலையில் திரும்ப அழைத்து வருவதுதான் எனக்குப் பிழைப்பு.

மூன்று வாரங்களுக்கு முன் வண்டியின் அடியில் ஓடும் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்துவிட்டது. பட்டறையில் ஹோஸை மாற்றினார்கள், கையோடு, சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டார்கள், கூலண்ட் ஊற்றி ஏர் எடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அன்றிலிருந்து கம்பம் சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் லோயர் கேம்ப்பைக் கடந்து மலை ஏறத் தொடங்கியதும், மூன்றாவது நான்காவது வளைவுக்குள் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடுகிறது. மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும் இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினால், சில நேரம் ஐந்து நிமிடம் ஆவதற்குள், யாரோ பிடித்து இழுத்ததுபோல முள் ஒரேயடியாகக் கீழே விழுந்துவிடுகிறது. மறுபடி கிளம்பினால் மறுபடி அதே கதை. வண்டியை முடுக்கும்போது டேஷ்போர்டுக்குள், குடத்தில் தண்ணீர் நிரம்புவது போன்ற ஒரு சத்தமும் கேட்கிறது. ரிசர்வ் டப்பா விளிம்பு வரை நிறைந்து வழிகிறது. மறுநாள் காலையில் பார்த்தாலும் அந்த மட்டம் குறைவதில்லை.

இரண்டு முறை பட்டறைக்குத் திரும்பிப் போனேன். இரண்டு முறையும் மூடியைத் திறந்து, வண்டியை ஐடிலில் விட்டு, அரை லிட்டர் ஊற்றி அனுப்பினார்கள். மூன்றாம் முறை போனபோது, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொல்லி, நான் இரண்டு மாதம் ஓட்டினாலும் மீதப்படாத ஒரு தொகையைக் கேட்கிறார்கள். ஹெட்டில் கை வைப்பதற்கு முன், உள்ளே இருக்கும் காற்று உண்மையிலேயே வெளியேறியதா என்பதை நானே உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். இந்த வகை வேனில் ஏர் எடுக்க வண்டியை எந்தப் பக்கம் உயர்த்த வேண்டும், ஹீட்டரைத் திறந்து வைக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்று அனுபவம் உள்ள அண்ணன்மார்கள் விளக்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

போடி பழைய பட்டறைக்காரர்

தம்பிக்கு வணக்கம். போடியில் நெடுங்காலம் பட்டறை நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருப்பவன் நான். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சுத் திணறி நின்ற வண்டிகள்தான் எனக்குச் சோறு போட்டவை, ஆகையால் உங்கள் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஹெட்டைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். முள் மெல்ல மெல்ல இறங்காமல் ஒரேயடியாக விழுவதும், டேஷ்போர்டுக்குள் குடகுடவென்று கேட்பதும் கூலிங் அமைப்புக்குள் காற்று தங்கியிருப்பதற்கு நல்ல அடையாளங்கள். நம் பள்ளத்தாக்கில் தோட்டக் கிணற்றில் மோனோபிளாக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. புட்வால்வு கசிந்து குழாய் காற்று வாங்கிவிட்டால், மோட்டார் சுற்றும், சத்தமும் வரும், தண்ணீர் மட்டும் வராது. மேலே தண்ணீர் ஊற்றி ஏர் எடுத்த பிறகுதான் இறைக்கும். எஞ்சினின் வாட்டர் பம்பும் அதே இனம்தான். சுழலும் இறக்கைகளால் நீரை வெளித்தள்ளத் தெரிந்த அதற்குக் காற்றைத் தள்ளத் தெரியாது. போதாததற்கு, காற்றும் நீராவியும் நீரைப் போல வெப்பத்தைச் சுமந்து செல்வதில்லை. ஆகவே ஹெட்டுக்குள் எந்த இடத்தில் காற்று நிற்கிறதோ, அந்த இடம் மட்டும் தனியாகக் காய்கிறது.

சமவெளியில் வண்டிக்கு வேலை குறைவு, எதிர்காற்றும் தாராளம் என்பதால், சுழற்சி அரைகுறையாக இருந்தாலும் காலம் ஓடிவிடும். மலையில் இரண்டாம் கியரில், ஆட்களையும் சுமந்துகொண்டு, மெதுவாக ஏறும்போது எஞ்சினின் சூடு பலமடங்காகிறது, காற்றோட்டமோ குறைகிறது. அத்துடன் வண்டி மூக்கைத் தூக்கியதும் அதுவரை ஓரிடத்தில் கிடந்த காற்று நகர்ந்து வேறோரிடத்தை அடைக்கிறது. உங்களுக்கு லோயர் கேம்ப் தாண்டியதும் தொல்லை தொடங்குவதன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முள் விழுந்துவிட்டது என்றால் எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள். டெம்பரேச்சர் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான கணக்குச் சொல்லும். அதைச் சுற்றிலும் நீர் இல்லாமல் காற்று மட்டும் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே கிடக்கும். முள் இறங்கியதைப் பார்த்து நிம்மதியாக மேலே ஏறிப்போய், ஹெட்டை வளைத்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார்களைவிட உங்கள் வகை வேன்களில் ஏர் எடுப்பது சிரமமாக இருப்பதற்குக் காரணம் அமைப்புதான். எஞ்சின் நடுவில், ரேடியேட்டர் மூக்கில், இடையில் தரைக்கு அடியில் நீளமான குழாய்கள், அதற்கு மேலே டேஷ்போர்டில் ஹீட்டர் என்று பாதை மேடும் பள்ளமுமாகப் போகிறது. காற்றுக்கு மேலே ஏற மட்டும்தான் தெரியும். பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறித் தப்பிக்கத் தெரியாது. எனவே, நிரப்பும் மூடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை, பாதை முழுவதிலும் உயரமான இடமாக நாம்தான் மாற்றிக்கொடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் மூடி ரேடியேட்டர் மேல் இருந்தால் மூக்கு மேலே இருக்க வேண்டும். எஞ்சின் பக்கமாக, சீட்டுக்குக் கீழே நிரப்பும் வாய் உள்ள வண்டிகளில் மூக்கைத் தூக்கினால் காரியம் கெட்டுவிடும் என்பதால், முதலில் குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவெல்லாம் நின்று நன்றாகக் குளிர்ந்த வண்டியை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு களத்துச் சரிவில் மூக்கு மேலாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுத்துவிடுங்கள். சூடான வண்டியின் மூடியில் கை வைக்காதீர்கள். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள், முகம் வெந்தவர்களை நான் அறிவேன். பழைய கூலண்டை ஒரு வாளியில் பிடித்து அளந்து கொள்ளுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் மொத்தக் கொள்ளளவு போட்டிருக்கும்; எஞ்சினுக்குள் தேங்காமல் எல்லாம் வடிந்திருந்தால், வந்தது அதைவிட எவ்வளவு குறைவோ, ஏறக்குறைய அவ்வளவு காற்று உள்ளே இருந்திருக்கிறது என்று பொருள். ஸ்பானர் எடுப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடும் இந்த அளவைப் பெரும்பாலான பட்டறைகளில் யாரும் எடுப்பதில்லை என்பது என் மனக்குறை.

ஹீட்டர் பொத்தானை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். பல வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வால்வு திறக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றி, நிரப்பும் வாயில் இறுக்கமாகச் செருகினால், கடையில் விற்கும் விலையுயர்ந்த புனல் செய்யும் வேலையை அதுவே செய்யும்; கூலண்டின் மட்டம் ரேடியேட்டரைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்பதால் காற்றைக் கீழிருந்து மேலே நெட்டித் தள்ளும். மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் கூலண்டே காற்றை உள்ளே அடைத்துவிடும். ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஹீட்டர் ஹோஸ்களையும் பால் கறப்பதுபோலப் பிசைந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் வீட்டின் (அது உட்கார்ந்திருக்கும் உலோகக் கூட்டின்) மேலோ, மேல் ஹோஸின் உச்சியிலோ சிறிய பித்தளைத் திருகு இருந்தால், அதுதான் ஏர் எடுக்கும் திருகு. ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, நுரை வருவது நின்று தெளிந்த தாரை வந்ததும் பதமாக முடுக்குங்கள், முரட்டுத்தனம் காட்டினால் கழுத்தோடு முறிந்துவிடும். அந்தத் திருகு இல்லாத வண்டியில், ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் உயரமாக இருப்பதன் கிளிப்பைத் தளர்த்தி, முனையைச் சிறிது விலக்கினால் அதே பயன் கிடைக்கும்.

பிறகு மூடியைப் போடாமல், புனலில் கால்வாசி கூலண்ட் நிற்கும்படி வைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்குங்கள். குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பட்டறையிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். அது திறக்கும் வரை எஞ்சின் பக்கம் ஒரு குளம், ரேடியேட்டர் பக்கம் இன்னொரு குளம். திறந்ததும் ரேடியேட்டரின் கீழ்ப்பக்க ஹோஸ் கையைச் சுடும், மட்டம் சட்டென்று இறங்கும், அதுவரை வராத பெரிய குமிழ்கள் வரும். அதன் பிறகு ஆக்சிலேட்டரை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலே சில வினாடிகள் பிடித்து விடுவதை நான்கைந்து முறை செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகும் குமிழ் வரவில்லை என்றால்தான் ஏர் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ளலாம். மொத்தமாக முக்கால் மணி நேரம் ஆகும்.

கடைசியாக, தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டதிலிருந்து இந்தத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டின் தட்டு ஓரத்தில் கடுகளவு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் சிறிய ஆணியும் இருக்கும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது காற்று தப்பிப் போவதற்காக வைத்த வழி அது. செங்குத்தாக நிற்கும் தட்டில் அந்த ஆணி கடிகாரத்தின் பன்னிரண்டாம் எண் இருக்கும் இடத்தில், உச்சியில், நிற்க வேண்டும். ஆறாம் எண்ணில் வைத்துப் பூட்டியிருந்தால், துளை நீரில் மூழ்கிக் கிடக்கும், காற்று அதற்கு மேலே அடைபட்டு நிற்கும். அதை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

வண்டிப்பெரியாறு ஜீப் ஓட்டுநர்

கூடலூர் அண்ணனுக்கு வணக்கம். போடி ஐயா சொன்னது படித்தவர் முறை. எங்கள் எஸ்டேட் பக்கம் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நான் வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுகிறேன். தெர்மோஸ்டாட்டை முழுவதுமாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறேன். ஏரும் தங்கவில்லை, சூடும் ஏறவில்லை. குமுளியில் நாங்கள் ஆசான் என்று அழைக்கும் மூத்த மெக்கானிக்கும், மலை வண்டிக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்றுதான் கேட்பார். நம் ஊரில் பனியா பெய்கிறது, எஞ்சினைச் சூடாக்க ஒரு பொருள் வேண்டியிருக்க?

ஹெட் கேஸ்கட் என்று சொல்லும் பட்டறைகளை நானும் நம்புவதில்லை. தெரியாத நோய்க்கெல்லாம் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

போடி பழைய பட்டறைக்காரர்

ஜீப் ஓட்டும் தம்பியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் பழைய டீசல் ஜீப்புக்குப் பொறுத்துக்கொண்டது இந்த வேனுக்குப் பொறுக்காது. இவ்வகைப் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை உண்டு. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் அதே நேரத்தில், எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அதன் பின்புறத் தட்டு அடைக்கும். கழற்றி எறிந்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். மலை ஏறும்போது இன்னும் சூடாகும், குமுளியிலிருந்து இறங்கும்போதோ எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். பனி பெய்யாத ஊரிலும் எஞ்சினுக்கு அதற்குரிய சூடு தேவை.

ஓடைத் தண்ணீரை அவசரத்துக்கு ஊற்றலாம், குடியிருக்க விடக் கூடாது. தண்ணீரிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழல்களில் காறையாகப் படியும், கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்து அதில் இல்லை. கலந்து விற்கும் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றுங்கள். கலக்காதது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து கொள்ளுங்கள். இரண்டு நிறக் கூலண்டுகளை ஒன்றாக ஊற்ற வேண்டாம். வடித்த பழைய கூலண்டைச் சாலையோரத்தில் கொட்டாதீர்கள். கிளைக்கால் என்னும் அதன் மூலப்பொருள் இனிப்பாக இருக்கும், நஞ்சும் கூட, நாயோ ஆடோ நக்கினால் பிழைப்பது அரிது.

புளியரை மலைச்சாலைக்காரர்

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியாக ஆரியங்காவு, புனலூர் என்று காய்கறி ஏற்றிச் செல்கிறவன் நான். எல்லாரும் ஹெட் கேஸ்கட்டைப் பட்டறைக்காரர்களின் கற்பனை என்று ஒதுக்குவதால் மறுபக்கத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வண்டியிலும் இதே குடகுட சத்தம்தான் வந்தது. நான்கு முறை ஏர் எடுத்தேன், நான்கு முறையும் இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி காற்று சேர்ந்தது. உள்ளே தங்கிப்போன காற்று வேறு, புதிதாக வந்து சேரும் காற்று வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒழுங்காக ஒருமுறை எடுத்தால் தங்கிய காற்று தீர்ந்துவிடும். எடுக்க எடுக்க வருகிறது என்றால் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எனக்குப் பிடிபட்டது இப்படித்தான். விடியற்காலையில், முழுவதும் குளிர்ந்த வண்டியை முடுக்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தேன், கட்டைபோல விறைத்திருந்தது. கூலண்ட் இன்னும் சூடே ஏறாத நேரத்தில் அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? சிலிண்டரில் வெடிக்கும் வாயு கேஸ்கட் வழியாகக் கசிந்து கூலண்டுக்குள் வந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து வைத்து முடுக்கினால், சோடா போலச் சிறு குமிழ்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. தங்கிய காற்று வெளியேறும்போது குமிழ்கள் பெரியனவாக, விட்டுவிட்டு வந்து பிறகு நின்றுவிடும், வாயு நிற்காது. ஐயம் தீராவிட்டால், நிரப்பும் வாயில் வைக்கும் சோதனைக் குழாய் ஒன்று சில பட்டறைகளில் உண்டு. அதில் ஊற்றிய நீலத் திரவம் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். ஹெட்டை இறக்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வது உங்கள் உரிமை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. உங்கள் ரிசர்வ் டப்பாவின் மட்டம் காலையில் குறைவதில்லை என்ற வரியை யாரும் கவனிக்கவில்லை. சூட்டில் விரிந்து டப்பாவுக்குப் போன கூலண்ட், குளிர்ந்ததும் திரும்பி ரேடியேட்டருக்குள் போக வேண்டும் அல்லவா?

கூடலூர் வேன் ஓட்டுநர்

அண்ணன்மார்களுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே வேலையாக இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

முதலில் புளியரை அண்ணன் சொன்னபடி, விடியற்காலையில் முடுக்கி ஹோஸை அழுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடம் அல்ல, மூன்று நிமிடம் ஆகியும் குழைவாகவே இருந்தது. எண்ணெய்க் குச்சியிலும், எண்ணெயில் கூலண்ட் கலந்தால் தெரியும் பால் போன்ற நிறம் ஏதும் இல்லை. அதன் பிறகுதான் துணிந்து வேலையைத் தொடங்கினேன். வடித்து அளந்ததில் மூன்றரை லிட்டர்தான் வந்தது. கையேட்டில் போட்டிருப்பது ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டருக்கு மேல் காற்றைச் சுமந்துகொண்டு மூன்று வாரம் ஆட்களை ஏற்றி மலை ஏறியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

சீட்டைத் தூக்கித் தெர்மோஸ்டாட் வீட்டின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினேன். போடி ஐயா அருகில் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிறிய ஆணி சரியாக ஆறாம் எண்ணில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டைத் திருப்பி ஆணியை உச்சியில் வைத்து, புதிய பேப்பர் கேஸ்கட் போட்டுப் பூட்டினேன். பக்கத்து நெல் களத்தின் சரிவில் வண்டியை மூக்கு மேலாக நிறுத்தி, பாட்டில் புனலும் வைத்து, நீங்கள் சொன்ன வரிசையில் ஊற்றினேன். கீழ் ஹோஸ் சூடேறிய நேரத்தில் முட்டை அளவில் ஒரு குமிழ் எழும்பி, புனலில் பளக்கென்று உடைந்து என் சட்டையெல்லாம் நனைத்தது. அதற்குப் பின் இன்னும் மூன்று வந்தன, பிறகு நின்றுவிட்டது. மொத்தம் நான்கே முக்கால் லிட்டர் உள்ளே போயிருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எட்டுப் பேரோடு ஏறினேன். குமுளிச் செக்போஸ்ட் வரை முள் பாதியைத் தாண்டவில்லை, குடகுட சத்தமும் இல்லை. ஹீட்டர் பொத்தானை மூட மறந்திருந்ததால், வண்டிக்குள் அடுப்பு மூட்டியது யார் என்று பின்சீட்டில் இருந்த அக்கா ஒருவர் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. இந்த வண்டியின் ஹீட்டரில் சூடான காற்று வரும் என்பதையே இப்போதுதான் அறிகிறேன்.

ஆனால் வேலை முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ரிசர்வ் டப்பா மறுபடியும் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதோடு, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் யாரோ மிதித்ததுபோலச் சப்பிப் போயிருந்தது. மூடியைத் திறந்தபோது உஸ் என்று காற்றை உள்ளே இழுத்துவிட்டு ஹோஸ் உருண்டு பழைய நிலைக்கு வந்தது. இது என்ன நோய்?

போடி பழைய பட்டறைக்காரர்

மூடிதான், வேறொன்றுமில்லை. புளியரை நண்பர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார், நான் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொள்கிறேன்.

ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். நடுவில் இருக்கும் பொட்டு அளவு சிறிய வால்வு, எஞ்சின் குளிரும்போது திறந்து, டப்பாவில் உள்ள கூலண்டைத் திரும்ப உள்ளே விடும். உங்கள் மூடியில் அந்தச் சிறிய வால்வு ஒட்டிக்கொண்டுவிட்டது. சூட்டில் வெளியே போகும் கூலண்ட் திரும்பி வர வழியில்லாததால், குளிரும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு ஹோஸ் சப்புகிறது. அந்த நிலையில் கூலண்ட் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாத கிளிப் இடுக்கு வழியாகக்கூடக் காற்று உள்ளே நுழைந்துவிடும். பட்டறையில் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம். ஆக, ஆணி தலைகீழாக இருந்ததால் பழைய காற்று வெளியே போகவில்லை, மூடி கெட்டதால் புதிய காற்று தினமும் உள்ளே வந்தது.

மூடி வாங்கும்போது பழைய மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, அதே அழுத்தம் உள்ளதையே வாங்குங்கள், 0.9 என்றிருந்தால் 0.9. அழுத்தம் கூடியதைப் போட்டால் பழைய ஹோஸ்கள் தாங்காது. குறைந்ததைப் போட்டாலோ, பெரிய ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மலையில் கொதித்துவிடும். குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடிக்குள் அதே தண்ணீர் 117 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான் என்று யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

புது மூடி போட்ட பின், டப்பாவிலிருந்து வரும் சிறு குழாயின் முனை கூலண்டில் மூழ்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலே நின்றால் கூலண்டுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும்.

வண்டிப்பெரியாறு ஜீப் ஓட்டுநர்

ஐயா, குறுக்கு வழி பற்றி நீங்கள் எழுதியதை ஆசானிடம் காட்டினேன். ஜீப்புக்கு நான் சொன்னது நான் சொன்னதுதான் என்கிறார். வேனுக்கு நீங்கள் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அபூர்வம்.

கூடலூர் வேன் ஓட்டுநர்

கம்பத்தில் 0.9 எண் போட்ட மூடி வாங்கி மாட்டினேன். பழைய மூடியின் நடுவில் இருந்த சிறிய வால்வை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். துருவும் காறையும் சேர்ந்து பசை போட்டதுபோல ஒட்டியிருந்தது, அசையவே இல்லை. குழாய் முனை டப்பாவின் அடிவரை மூழ்கித்தான் இருக்கிறது. நேற்று மாலை வண்டியை நிறுத்தியபோது டப்பாவில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்ற கூலண்ட், இன்று காலை நான்கரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு கோடுகளுக்கும் நடுவே இறங்கியிருந்தது. மேல் ஹோஸ் உருண்டையாகவே இருக்கிறது. ஹெட்டை இறக்குவதற்காகப் பட்டறையில் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கத்தான் இப்போது கிளம்புகிறேன்.